அறக்கொட்டி ஏன் மருந்துக்குச் சாவதில்லை? பயிர் தின்னும் பூச்சிகளின் கூர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில் வகுப்பு. அந்தப் பக்கம், படுவான்கரையில் மாமாவின் வயல். சனிக்கிழமை பிள்ளைகள் கேட்கிற கேள்வியை ஞாயிற்றுக்கிழமை மாமா வேறு சொல்லில் கேட்கிறார். இரு பக்கமும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். சொற்கள் நம் பாடப்புத்தகச் சொற்கள்தான். தமிழ்நாட்டு வாசகர்கள் கூர்ப்பு என்பதைப் பரிணாமம் என்றும், பரம்பரையலகு என்பதை மரபணு என்றும், நிறமூர்த்தம் என்பதைக் குரோமோசோம் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

போன போகம் செத்த பூச்சி இந்தப் போகம் ஏன் சாகவில்லை?

மாமா கேட்டது இப்படி: "என்ன மருமகன், போன போகம் ஒரு மூடி மருந்துக்குச் செத்ததுகள், இந்தப் போகம் அதையே குடிச்சிப்போட்டு ஏப்பம் விடுகுதுகள்?"

சிறுபோகத்தில் வயலுக்குள் நின்றுதான் கேட்டார். நெல் குடலைப் பருவம். நடு வயலில் ஒரு பாய் விரித்த அளவுக்கு வட்டமாகக் கருகிக் கிடந்தது, யாரோ கொதிநீர் ஊற்றியது போல. அந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் பச்சையாக நின்ற நெல்லை விலக்கி அடித்தண்டைப் பார்த்தேன். தண்ணீருக்கு நாலு விரல் மேலே எள்ளைக் கொட்டி அப்பினது போல அறக்கொட்டி. நெல்லின் சாற்றை உறிஞ்சும் இந்தப் பூச்சிதான் புத்தகத்தில் கபிலநிறத் தத்தி. கையால் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. விழுந்த வேகத்தில் பக்கவாட்டில் தத்தி அடுத்த தண்டில் ஏறிக்கொண்டன. மருந்து அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பதில் என்னவென்றால், இவை அந்தப் பூச்சிகளே அல்ல. அறக்கொட்டியின் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதம். பெண் பூச்சி இலைமடலுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு போகத்துக்குள் மூன்று தலைமுறை ஓடிவிடும். போன போகம் அடித்த மருந்தில் பெரும்பாலானவை செத்தன, சில தப்பின. தப்பியவற்றில் சில தற்செயலாகத் தப்பியவை. சில, உடம்பில் இருந்த ஏதோ ஒரு பரம்பரை வேறுபாட்டால் தப்பியவை. இப்போது வயலில் இருப்பவை தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். செத்தவற்றுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்படியென்றால் "பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது" என்பது பிழையா?

பிழை. பழகுவது ஒரு உயிரின் வாழ்நாளுக்குள் நடப்பது. நான் உறைப்புக்குப் பழகினது போல. இங்கே எந்தத் தனிப் பூச்சியும் மாறவில்லை. கூட்டத்தில் யார் யார் எத்தனை பேர் என்ற கணக்குத்தான் மாறுகிறது. பரீட்சையில் "பூச்சி இசைவாக்கம் அடைய முயன்றது" என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் புள்ளி போடுவதில்லை. பூச்சி எதற்கும் முயல்வதில்லை.

அந்தத் தாங்கும் பரம்பரையலகு எங்கிருந்து வந்தது? மருந்துதான் உண்டாக்கியதா?

இல்லை. விகாரங்கள், அதாவது பரம்பரையலகில் தற்செயலாக வரும் மாற்றங்கள், மருந்துக்கு முன்னும் வந்துகொண்டிருந்தவை. மருந்து அவற்றைத் தேர்ந்தெடுத்தது.

இதில் அறக்கொட்டியின் கதை மிக அழகு. இமிடாகுளோபிரிட் என்ற மருந்து ஆசிய வயல்களுக்கு வந்த புதிதில் அடித்தால் அடித்த இடத்தில் பூச்சி சாகும். 2000களின் நடுப்பகுதிக்குள் பல நாடுகளில் அது சாகாமல் போனது. பிறகு ஆராய்ந்தபோது, நஞ்சைச் சிதைக்கிற பி450 நொதியக் குடும்பத்தில் ஒரு பரம்பரையலகு இரட்டித்திருப்பது தெரிந்தது. ஒரு பிரதி பழைய வேலையிலேயே இருக்க, மற்றப் பிரதியில் மாற்றங்கள் சேர்ந்தன. நொதியம் மருந்தைப் பிடித்து உடைக்கிற வடிவத்துக்கு வந்தது. அதோடு அது கூடுதலாக உற்பத்தியாகவும் தொடங்கியது.

வீட்டில் ஒரே ஒரு கத்தி இருந்தால் அதைக் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்க அம்மா விடமாட்டார். இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடுவார். அது வளைந்தால் வளையட்டும், மீன் வெட்ட மற்றது இருக்கிறது. இரட்டித்த பரம்பரையலகுக்குக் கிடைப்பதும் இந்தச் சுதந்திரம்தான். பூச்சி என்றில்லை, உயிர்களில் புதிய தொழில்கள் பல இப்படித்தான் பிறந்திருக்கின்றன.

மருந்தை விட்டுவிட்டு எதிர்ப்புள்ள நெல் போட்டால் பிரச்சினை தீருமா?

கொஞ்சக் காலத்துக்குத் தீரும். 1973இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐஆர் 26 என்ற நெல் வந்தது. அதில் அறக்கொட்டியை எதிர்க்கும் ஒரே ஒரு பெரிய பரம்பரையலகு. இரண்டு மூன்று வருடத்துக்குள் அதைத் தின்னக்கூடிய பூச்சிக் கூட்டம் வந்துவிட்டது. 1976இல் வேறு பரம்பரையலகோடு ஐஆர் 36 வந்தது. அதற்கும் பிறகு ஆள் வந்தது.

இந்த இடத்தில் நம் தீவுக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. ரத்து ஹீனட்டி என்பது இலங்கையின் பழைய நெல். உலகம் முழுவதும் அறக்கொட்டி எதிர்ப்புக்குத் தேடி எடுக்கிற மூலங்களில் ஒன்று அது. அதிலுள்ள எதிர்ப்பு ஒன்றை 2015இல் ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் மூன்று பரம்பரையலகுகள் ஒரு கூட்டாக இருப்பது தெரிந்தது. ரத்து ஹீனட்டி நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதில் எதிர்ப்பு பல அடுக்காக இருப்பதே என்று நினைக்கிறேன். ஒற்றைப் பூட்டுக்கு ஒரு சாவி போதும். மூன்று பூட்டுக்கும் சாவி வைத்திருக்கிற பூச்சி, ஒரே தலைமுறையில் பிறப்பது அரிது.

சில அறக்கொட்டிக்கு நீளச் சிறகு, சிலதுக்குக் குட்டைச் சிறகு. இரண்டும் இரண்டு இனமா?

இல்லை, ஒரே இனம். ஒரே தாயின் பிள்ளைகளில் கூட இரண்டும் வரலாம். பயிர் நல்லாக இருந்தால் குட்டைச் சிறகு: பறக்காது, முட்டை கூடுதலாக வைக்கும். நெருக்கடியும் காய்ந்த பயிரும் என்றால் நீளச் சிறகு: காற்றோடு போய்விடும். இன்சுலின் சைகையை வாங்கும் இரண்டு ஏற்பிகளே இதைத் தீர்மானிக்கின்றன என்று 2015இல் காட்டினார்கள். நம் சீனி வருத்தத்தில் பேசப்படுகிற அதே இன்சுலின் பாதைதான். உருவம் மாறினால் எல்லாம் கூர்ப்பு என்று நினைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வியைச் சேர்த்தேன்.

சரி, மருந்தைத் தாங்கும் பூச்சி புது இனமா?

அதுவும் இல்லை. புதிய நெல்லைத் தின்னும் அறக்கொட்டியும் பழையதும் கூடினால் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும். இனம் பிரிவது என்றால் இரண்டு கூட்டத்துக்கு இடையே பரம்பரையலகுப் போக்குவரத்து நிற்க வேண்டும். தாங்குவது ஒரு விடயம், பிரிவது வேறு விடயம்.

அப்படியானால் சாப்பாடு மாறினால் இனம் பிரியும் என்கிறார்களே, எப்படி?

இதைத்தான் நான் கூடுதலாக எழுத விரும்பினேன்.

மாடு ஒரு வயலில் மேய்ந்து இன்னொரு இடத்தில் சோடி சேரும். பல பயிர்ப்பூச்சிகளுக்கு அப்படியில்லை. அவற்றுக்குப் பந்தியும் மணவறையும் ஒரே செடி. தின்பதும், சோடி தேடுவதும், முட்டை வைப்பதும் அதிலேயே. ஆகவே ஒரு கூட்டம் வேறு செடிக்குப் போனால் சாப்பாடு மட்டும் மாறவில்லை, கலியாணம் செய்யும் இடமும் மாறிவிட்டது. நடுவில் மலையோ கடலோ தேவையில்லை. ஒரே தோட்டத்துக்குள் பிரிவு தொடங்கலாம்.

உலகம் அதிகம் பேசுகிற உதாரணம் அமெரிக்காவின் அப்பிள் ஈ. அங்கே ஹோதோர்ன் என்ற முள்மரத்தின் சிறு பழங்களில் வாழ்ந்த ஈ அது. அப்பிள் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். 1800களின் நடுவில் நியூயோர்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் இந்த ஈயின் புழு அப்பிளுக்குள் வரத் தொடங்கியது. பெஞ்சமின் வால்ஷ் என்ற பூச்சியியலாளர் அந்தக் காலத்திலேயே "புதுச் செடியைத் தின்று தின்று இது தனி இனமாகப் போகலாம்" என்ற கருத்தை முன்வைத்தார். நீண்ட காலம் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1988இல் இரண்டு மரத்து ஈக்களும் பரம்பரை ரீதியில் வேறுபடுகின்றன என்று காட்டினார்கள்.

அவற்றைப் பிரித்து வைப்பது என்ன? காலம். அப்பிள், ஹோதோர்னுக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே பழுக்கும். வளர்ந்த ஈ வாழ்வதே ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு ஊர்க் கோயிலில் சடங்கு வைகாசியில், அடுத்த ஊரில் ஆனியில் என்று வையுங்கள். ஒரு மாதமே உயிர் வாழ்கிறவர்கள் மற்ற ஊர்த் திருவிழாவைக் காணவே மாட்டார்கள். அதோடு ஒவ்வொரு கூட்டமும் தன் பழத்தின் வாசனைக்குத்தான் போகும், அந்தப் பழத்தின் மேல்தான் சோடி சேரும். ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை: தலைமுறைக்கு 4 முதல் 6 வீதம் வரை இன்னும் கலக்கிறது. பாதி வழியில் நிற்கிற பிரிவு இது.

இன்னொரு விடயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. இந்த ஈயின் கூட்டுப்புழு அடுத்த பழக்காலம் வரை மண்ணுக்குள் உறங்கும். எவ்வளவு காலம் உறங்குவது என்பதைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் பல, நிறமூர்த்தத்தில் தலைகீழாகப் புரண்ட துண்டுகளுக்குள் இருக்கின்றன. புரண்ட துண்டு எளிதில் பிரிந்து கலக்காது. கட்டிய கதிர்க்கட்டு மாதிரி சேர்ந்தே பரம்பரைக்குப் போகும். அந்தத் துண்டுகள் அப்பிள் வருவதற்கு மிக மிக முந்தியவை. 10 இலட்சம் வருடத்துக்கும் மேல் பழமையானவை. அதாவது புதுப் பழத்துக்குப் போன ஈ புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பரணில் கிடந்த பழைய சாமானை எடுத்துப் பாவித்தது.

அந்த ஈயின் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியும் பின்னாலேயே இரண்டாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது. வாடகை வீட்டுக்காரர் மாறினால் கூடவே பூனையும் மாறுவது போல.

வாய்க்கால் ஓரப் புல்லில் இருக்கும் அறக்கொட்டி நெல்லுக்கு வருமா?

நெல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் முறையான லீர்சியா என்ற புல் ஈர நிலங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும். பிலிப்பைன்ஸில் அந்தப் புல்லில் இருந்த அறக்கொட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒரே பூச்சி. நெல்லில் விட்டால் சரியாக வளரவில்லை. நெல்லுப் பூச்சியைப் புல்லில் விட்டாலும் அதே கதைதான்.

வேறுபாடு பாட்டில் இருந்தது. ஆம், அறக்கொட்டி பாடும். வயிற்றை அதிரவைத்துத் தண்டின் வழியாக அனுப்பும் தாளம் அது. காற்றில் வராது, அதனால் நமக்குக் கேட்காது. தண்டில் கருவி பொருத்தினால் கேட்கலாம். ஆண் ஒரு தாளத்தில் தட்ட, அடுத்த தண்டில் இருக்கிற பெண் பதில் தட்டும். 1980களில் செய்த ஆய்வில் புல்லுக் கூட்டத்தின் தாள வேகமும் நெல்லுக் கூட்டத்தின் தாள வேகமும் வேறாக இருந்தன. இரண்டையும் ஒன்றாக விட்டால் தங்கள் தாளத்துக்காரரையே தேடுகின்றன. வேறு வழியில்லை என்றால் கலக்கவும் செய்கின்றன, பிள்ளையும் பிறக்கிறது.

அடுத்த முறை வயலுக்குள் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்: காலைச் சுற்றியுள்ள தண்டெல்லாம் ஓயாமல் பறைமேளம்.

சேனா படைப்புழு சோளத்தை விட்டு நெல்லுக்கு இறங்குமா?

2018இல் அம்பாறை மாவட்டத்துச் சோளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பயத்தோடுதான் கேட்கிறார்கள். (சேனா என்பது படை; சேனைப் பயிர்ச் செய்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016இல் ஆபிரிக்கா, 2018இல் இந்தியா, அதே வருடம் நாம்.

அதன் சொந்த ஊரில் இரண்டு வகை உண்டு: சோள வகை, நெல் வகை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சோள வகை முன்சாமத்தில் சோடி சேரும். நெல் வகை பின்சாமத்தில். பெண் விடும் வாசனையின் கலவையிலும் வேறுபாடு உண்டு. இரவு நேர வேறுபாட்டுக்குப் பின்னால் உடலின் மணிக்கூட்டோடு தொடர்புள்ள ஒரு பரம்பரையலகு இருப்பதற்கான தடயமும் கிடைத்திருக்கிறது.

ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த புழுவைச் சோதித்தபோது ஒரு குழப்பம். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏயைப் பார்த்தால் பெரும்பாலும் நெல் வகை. கலத்தின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்தால் சோள வகை. இதை நம் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். மட்டக்களப்பில் குடி தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி, தகப்பன் யாராக இருந்தாலும். இழைமணியும் அப்படித்தான், தாய்வழியாகவே வரும். குடியை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரின் முழுச் சொந்தத்தையும் சொல்லிவிட முடியுமா? பழைய கலப்பு ஒன்றின் பிள்ளைகள் இவை: குடி நெல் வகையிலிருந்து, மற்றதெல்லாம் பெரும்பாலும் சோளப் பக்கத்திலிருந்து.

அதனால்தான் இங்கே அது முக்கியமாகச் சோளத்தையே தின்கிறது. நெல்லைத் தொடவே தொடாது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

எருக்கலையைத் தின்றும் புழு சாகவில்லையே?

எருக்கலைப் பாலில் இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு இருக்கிறது. கலங்களுக்கு (செல்களுக்கு) உள்ளும் வெளியும் உப்பு அயன்களைக் கடத்தும் சோடியம் பொற்றாசியம் பம்பியில் போய் ஒட்டி அதை நிறுத்திவிடும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு, வெள்ளை கறுப்பு மஞ்சள் வரிகளும் மூன்று சோடிக் கொம்பும் உள்ளது, ஆறுதலாக இருந்து தின்னும். அதன் உறவான அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சியில் இது நன்றாக ஆராயப்பட்டது. நஞ்சு ஒட்டும் இடத்தில் அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. இதே நஞ்சுச் செடிகளைத் தின்னும் வண்டு, நாவாய்ப்பூச்சி, அசுவினி போன்ற தொலைதூரப் பூச்சிகளிலும் அதே இடங்களில் மாற்றம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

2019இல் பழ ஈயின் பம்பியில் மொனார்க்கின் மூன்று மாற்றங்களைச் செயற்கையாகப் புகுத்தினார்கள். ஈ நஞ்சைத் தின்று உயிரோடு இருந்தது. ஆனால் மிகப் பலமான மாற்றத்தை மட்டும் தனியாகப் புகுத்தினால் ஈயின் நரம்பு கெடுகிறது. சின்ன மாற்றம் ஒன்றும் கூடவே இருந்தால்தான் ஈ அதைப் பொறுக்கிறது. ஆகவே எது முதலில் வர வேண்டும், எது பிறகு என்று ஒரு ஒழுங்கு உண்டு.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கும்?

நாம் நினைப்பதை விடக் குறைவு. புளோரிடாவில் முடக்கொத்தான் இனத்துக் கொடியின் விதையைக் குத்திக் குடிக்கும் நாவாய்ப்பூச்சி ஒன்று இருக்கிறது. முடக்கொத்தான் காயைக் கையில் எடுத்து நசித்துப் பாருங்கள். உள்ளே முழுக்கக் காற்று, விதை நடுவில். அதை எட்ட நீள ஊசி வேண்டும். 1950களிலிருந்து அங்கே தட்டையான காயுள்ள அழகு மரம் ஒன்றை வீதியோரம் நட்டார்கள். அதற்குப் போன பூச்சிகளின் ஊசி சில பத்து வருடத்தில் 9 மில்லிமீற்றர் அளவிலிருந்து 7 அளவுக்குக் குறுகிவிட்டது. அவுஸ்திரேலியாவில் நேர்மாறு: அங்கே முடக்கொத்தான் இனம் வெளியிலிருந்து வந்தது, உள்ளூர்ப் பூச்சியின் ஊசி நீண்டது.

கத்தரியில் வரும் வெள்ளை ஈ?

களுதாவளைத் தோட்டக்காரர் கேட்டார். அது தனிப் பக்கம் எழுத வேண்டிய ஆள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: செடியின் நஞ்சை முடக்கும் பரம்பரையலகு ஒன்றை அது ஏதோ ஒரு செடியிலிருந்தே முற்காலத்தில் எடுத்து வைத்திருக்கிறது என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடமே களவெடுத்த கதை.

கூர்ப்பு என்றால் குரங்கு மனிதனான கதைதானே, சேர்?

இந்தப் பக்கத்தில் குரங்கு வரவில்லை. மேலே இருந்து திரும்ப வாசியுங்கள்.

சரி, மாமாவுக்கு என்ன சொன்னீர்கள்?

மூன்று விடயம் சொன்னேன். கடையில் போத்தலின் பெயரைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் கூறைப் பார்க்கச் சொன்னேன். இமிடாகுளோபிரிட்டும் தயமெத்தொக்சாமும் இரண்டு பெயர். பூச்சியின் நரம்பில் இரண்டும் தட்டுவது ஒரே கதவு. அவர் மூன்று போகமாக "மருந்தை மாற்றி" அடித்தது உண்மையில் மாற்றமே இல்லை. அடுத்தது, யூரியாவைக் கண்டபடி எறியக் கூடாது; மதமதவென்று வளர்ந்த நெல் அறக்கொட்டிக்கு விருந்து. மூன்றாவது, பூச்சியைக் கண்டவுடன் மருந்து டாங்கியைத் தோளில் ஏற்றாமல் முதலில் அடித்தண்டில் எண்ணிப் பார்ப்பது. ஏனென்றால் மருந்து சிலந்தியையும், அறக்கொட்டி முட்டையைக் குடிக்கும் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொல்லும். தாங்கும் பூச்சிக்குப் பிறகு எதிரியும் இல்லை, போட்டியும் இல்லை.

முதல் இரண்டையும் கேட்டார். மூன்றாவதுக்கு, "எண்ணிக்கொண்டு நிக்க நீ வாறியா மருமகன்?" என்றார். போகிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. பயற்றம் போத்தலில் வரும் வண்டுதான். தமிழ்நாட்டிலிருந்து எடுத்துப்போன பயற்று வண்டுகளை அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் மைசூர்ப் பருப்பு விதையில் விட்டார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் பிழைத்தது. 20 தலைமுறைக்குள் 80 வீதத்துக்கு மேல் பிழைக்கும் பரம்பரை உருவானது. இந்த வண்டுக்கு 20 தலைமுறை என்பது இரண்டு வருடம் மாதிரி.

என் வகுப்புப் பிள்ளைகளும் செய்தார்கள். தோல் உரிக்காத பருப்பு ஒரு கோப்பை, பயற்றிலிருந்து பிடித்த வண்டு முப்பது, வாயில் துணி கட்டிய ஜாம் போத்தல். பருப்பின் மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை நிறைய வந்தது. ஒரு மாதம் ஒன்றும் இல்லை. ஏழாவது கிழமை வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு இரண்டு வண்டு வெளியே வந்தன. இரண்டும் ஆண். இப்போது இரண்டாம் போத்தல் தொடங்கியிருக்கிறார்கள், இந்த முறை முந்நூறு வண்டோடு. அம்மாவின் கண்ணில் படாமல் மேசைக்குக் கீழே இருக்கிறது.